பாலத்தின் மறுமுனை வரை மட்டும்

நடைப்பயிற்சிக்குப் போகச் சோம்பலாக இருக்கிற நாளில், மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பதை மட்டும் அன்றைய இலக்காக வையுங்கள். 300 மீற்றர்கூட வராது. அதற்கு மேல் நடக்க மனமில்லையா, சரி, திரும்பிவிடலாம். அன்றைய கணக்கு முடிந்தது. சப்பாத்துத் தேட வேண்டாம், செருப்பே போதும்.

நம்மை மறிப்பது நடை அல்ல, புறப்படுவதுதான். ஒரு மணித்தியாலம் நடக்கவேணும் என்று நினைத்தால் பின்னேரப் புழுக்கத்தில் கதிரையை விட்டு யார் எழும்புவார்? இவ்வளவு சின்ன இலக்குக்குச் சாக்குச் சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கும். வாவிக் காற்று முகத்தில் பட்டதும் இன்னொரு தரம் போய்வரத் தோன்றலாம், தோன்றாவிட்டாலும் குறையில்லை. குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று 2010இல் சொன்ன உலக சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்பது மாறவில்லை, ஆனால் துண்டு துண்டாகச் சேர்க்கலாம்.

மாரி மழையில் பாலம் வேண்டாம், விறாந்தையில் நாலு நடை நடந்தால் அதுவும் நடைதான்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்த பயிற்சிக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அங்கே சொன்ன எண்ணிக்கையைச் செய்யத்தான் வேண்டும். நடக்கும்போது நெஞ்சு நோகிறது, வழமைக்கு மாறாக மூச்சு வாங்குகிறது என்றால் அது சோம்பல் இல்லை. உடனே நின்று டாக்டரிடம் காட்டுங்கள்.