மூட்டுவலி மாத்திரைல எது உங்களுக்கு ஒத்துவரும்னு பார்க்கிறது எப்படி

முட்டி வலின்னு கோலாலம்பூர்ல செந்தூல்லயோ பிரிக்ஃபீல்ட்ஸ்லயோ கிளினிக்குக்குப் போனா ஒருத்தருக்கு ஆர்கோக்சியா குடுப்பாங்க, இன்னொருத்தருக்கு செலிப்ரெக்ஸ், அடுத்தவருக்கு வோல்டரென், உடனே எல்லாரும் கேக்குறது "எதுங்க ஸ்ட்ராங்?" அந்தக் கேள்விய விட்டுடுங்க. சரியான அளவுல சாப்பிட்டா வலியக் குறைக்குறதுல இதுங்களுக்குள்ள பெரிய வித்தியாசம் கெடையாது, வயித்துக்கும் இதயத்துக்கும் கிட்னிக்கும் என்ன பண்ணும்ங்குறதுலதான் வித்தியாசமே இருக்கு.

முதல்ல வீட்டுல இருக்குற எல்லா மாத்திரையும் மேசையில கொட்டி பேரப் படிங்க. பிராண்டு பேருக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்கே, அதுதான் மருந்தோட பேரு. ஆர்கோக்சியாங்குறது எட்டோரிகாக்சிப், செலிப்ரெக்ஸ்ங்குறது செலிகாக்சிப், வோல்டரென், கேட்டஃப்லாம் ரெண்டுமே டைக்லோஃபெனாக்தான், பொன்ஸ்தான்ங்குறது மெஃபனாமிக் ஆசிட். எங்கம்மா டப்பாவுல ஸ்ட்ரிப்ப எல்லாம் கத்திரிக்கோலால ஒவ்வொண்ணா வெட்டி வெச்சிருப்பாங்க, பேரு பாதிதான் தெரியும், ரெண்டு கிளினிக் மாத்திரை ஒண்ணா கலந்துடும். இந்த வலி மாத்திரை வகைல ரெண்ட சேர்த்து சாப்பிடவே கூடாதுங்க, வலி அதிகமா குறையப் போறதில்ல, வயித்துல ரத்தக்கசிவு ஆபத்துதான் ஏறும்.

இப்போ உங்க உடம்பப் பாருங்க. முன்னாடி அல்சர் வந்திருக்கு, இல்ல வயசு 65 தாண்டிருச்சுன்னா செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப்னு 'காக்சிப்' வகை ரெண்டும் வயித்துக்குக் கொஞ்சம் பரவால்ல, மத்தது எழுதினா ஒமெப்ரசோல் மாதிரி வயித்து மருந்து கூட வேணுமான்னு கேளுங்க. ஆனா இதயம்னு வரும்போது கதை மாறுது. இதே குடும்பத்து வயாக்ஸ் மாரடைப்பு ஆபத்தால 2004ல உலகம் முழுக்க வாபஸ் ஆச்சு. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு காக்சிப் வகையும் டைக்லோஃபெனாக்கும் ஆகாது. நாப்ராக்சென்னு இன்னொரு வலி மாத்திரை இதயத்துக்குக் கொஞ்சம் சாதுன்னு சொல்வாங்க, வயித்துக்குத்தான் கடுமை. பிரஷர் 140/90க்கு மேலயே நிக்குதுன்னா எட்டோரிகாக்சிப் வேணாம். தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுறவங்க ஐபுப்ரோஃபென் சேர்த்தா ஆஸ்பிரின் செய்யுற வேலையக் கெடுக்கலாம். சல்ஃபா வகை மருந்து அலர்ஜி இருக்கா, செலிகாக்சிப் குடுக்குறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

கிட்னிக்கு மட்டும் இதுல எதுவுமே பாதுகாப்பு இல்ல. நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு இனிப்புநீர், பிரஷர் ரெண்டும் இருக்கு, பெரிண்டோப்ரில், லோசார்டான் மாதிரி பிரஷர் மாத்திரையோட நீர் மாத்திரையும் போட்டு அதுக்கு மேல இதையும் போட்டா கிட்னி தாங்காது, அதனால கெசிஹாத்தான் (அரசாங்க) கிளினிக்ல குடுக்குற மருந்து லிஸ்ட்டக் கையோட கொண்டுபோய்க் காட்டுங்க, கடைசியா கிட்னி பிளட் டெஸ்ட் எப்போ எடுத்தீங்கன்னும் சொல்லுங்க.

அளவும் ஒரே மாதிரி இல்ல. தேய்மான வலிக்கு எட்டோரிகாக்சிப் ஒரு நாளைக்கு ஒரு தடவை 30 இல்ல 60 மில்லிகிராம். 120 திடீர்னு வர்ற கௌட் (யூரிக் ஆசிட் ஏறி வர்ற மூட்டுவலி) வலிக்கு மட்டும்தான், அதுவும் 8 நாளைக்கு மேல கூடாது, மிச்சம் இருக்கேன்னு முட்டி வலிக்கு அதை எடுத்துப் போடாதீங்க. முட்டியோ கைவிரலோ மட்டும் வலிச்சா டைக்லோஃபெனாக் ஜெல்ல முதல்ல கேளுங்க, ரத்தத்துல சேர்றது ரொம்பக் கம்மி.

உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குற ருமாட்டாய்டு வகைன்னா இந்த மாத்திரை வலிய மட்டும்தான் அடக்கும், மூட்டு அரிக்குறதத் தடுக்காது, அதுக்கு மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்து வேற.

விலை விஷயத்துல கூச்சப்படாதீங்க. 2025 மே 1லேருந்து மலேசியாவுல தனியார் கிளினிக்கும் ஃபார்மசியும் மருந்து விலைய எழுதி வைக்கணும், அதே மருந்து ஜெனரிக்ல (பெரிய பிராண்டு பேரு இல்லாம) இருக்கான்னு தாராளமா கேக்கலாம். பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) விக்குற மூட்டுவலி ஜாமு (நாட்டு மருந்து) மட்டும் வேணவே வேணாம், ஸ்டீராய்டு கலந்தது பிடிபட்டிருக்கு.

மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ மாத்திரைய நிறுத்திட்டு நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. கால் வீங்குது, மூத்திரம் குறையுதுன்னா அன்னைக்கே டாக்டரப் பாருங்க.