ஓய்வுக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை

ஓய்வுக்காலத்துக்குக் கணக்குப் போடும்போது பலரும் சராசரி ஆயுளைப் பார்த்து, அந்த வயது வரை பணம் இருந்தால் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். பிறக்கும்போது கணிக்கும் அந்தச் சராசரியில் சிறு வயது இறப்புகளும் சேர்ந்திருக்கும். 60 வயதைத் தொட்டவருக்கு எதிர்பார்க்கும் ஆயுள் அதைவிட அதிகம். அதனால் 90, முடிந்தால் 95 வரை திட்டமிடுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் சுமார் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும்.

சரி, பணம் ஒரு பக்கம். எனக்கு அதிகக் கவலை தருவது நேரம்தான். வேலையோடு சம்பளம் மட்டும் போவதில்லை; காலையில் கிளம்ப ஒரு காரணம், தினம் பேசும் முகங்கள், 'உங்களைக் கேட்டால்தான் தெரியும்' என்ற மரியாதை எல்லாம் சேர்ந்தே போகின்றன. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே ஒரு வாரம் விடுப்பு எடுத்து, எங்கும் சுற்றப் போகாமல், ஓய்வு பெற்றவராகவே வாழ்ந்து பாருங்கள். எந்தெந்த நேரம் நகராமல் கனத்தது என்று குறித்து வையுங்கள். அந்த நேரத்துக்குத்தான் வேலை தேட வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது போல, உங்களுக்காக ஒருவர் காத்திருக்கும் வேலையாக இருந்தால் ரொம்ப நல்லது.

அப்புறம் உடம்பு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி, 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பதை இன்றே தொடங்கலாம்.