வீட்டின் கார்பன் சிமென்ட் மூட்டையில் தொடங்குகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயிரம் சதுர அடியில் வீடு கட்ட ஏறக்குறைய 400 மூட்டை சிமென்ட் போகும். எடைக்கு 20 டன். அது ஓ.பி.சி. சிமென்ட், அதாவது சாம்பலோ கசடோ கலக்காத சாதாரண சிமென்ட் என்றால், ஆலையில் தயாராகும்போதே சுமார் 16 டன் கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் கலந்திருக்கும். நீங்கள் பால் காய்ச்சிக் குடியேறும் முன்பே நடந்து முடிந்துவிட்ட கணக்கு இது.

அதனால், பொருள் தேர்வைப் பற்றிய யோசனையை டைல்ஸ், பெயின்ட் வாங்கும் நாள்வரை தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு. வீட்டின் கார்பனில் சிமென்ட், கம்பி, செங்கல் மூன்றும் சேர்ந்துதான் பெரும்பங்கு. அவை பிளான் போடும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன.

அடுத்தது 53 கிரேடு மேல் இருக்கும் மோகம். ஓ.பி.சி.யிலேயே வலு அதிகமான வகை அது; பி.பி.சி. என்பது சாம்பல் கலந்த சிமென்ட். "பூச்சுக்கு பி.பி.சி. போதும், ரூஃபுக்கு 53தான் வேணும்" என்று பல மேஸ்திரிகள் அடித்துச் சொல்வார்கள். சிமென்டின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1450 டிகிரி வரை சூடாக்கி அதைச் செய்கிறார்கள். சூளையில் எரியும் நிலக்கரி விடும் புகையைவிட, அந்தச் சூட்டில் சுண்ணாம்புக்கல்லே வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடு அதிகம். ஆலை முழுக்க சூரிய மின்சாரத்தில் ஓடினாலும் கல்லிலிருந்து வருவது வரத்தான் செய்யும். ஆகவே நம்மால் முடிந்தது கிளிங்கர் குறைந்த சிமென்டை வாங்குவது. பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது. இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி.யில் கிளிங்கர் இன்னும் குறைவாகவே இருக்கலாம். அந்த 400 மூட்டையையும் பி.பி.சி.யாக மாற்றினால் நான்கு டன் அளவுக்கு கார்பன் டை ஆக்ஸைடு மிச்சமாகும்.

மேஸ்திரிகளின் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. பி.பி.சி. ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வலு பிடிக்கும். பிற்பாடு நன்றாக இறுகும். உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களுக்கு அதுதான் பொருத்தமும்கூட. ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். வெயில் காய்ச்சும் நாட்களில் இத்தகைய சிமென்டுக்கு 14 நாளாவது தண்ணீர் விட வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. ஐந்தாம் நாளே ஹோஸைச் சுருட்டிவிட்டு, கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகையையும் அவசரமாகப் பிரித்துவிட்டு, பழியைச் சிமென்ட் மேல் போடுவது நியாயமில்லை.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு மூட்டை கூடுதலாகக் கொட்டுவதும் அப்படித்தான். கான்கிரீட் சுலபமாக ஓடட்டும் என்று தண்ணீரை ஊற்றி வலுவைக் குறைக்கிறோம். அப்புறம் அதை ஈடுகட்ட சிமென்டைக் கூட்டுகிறோம். தண்ணீரை அளந்து ஊற்றினாலே இந்தச் சுற்று தேவைப்படாது. கம்பியும் அதே கதை. புதிதாக உருக்கிய எஃகு ஒரு டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. பக்கத்து வீட்டில் போட்ட கம்பியைப் பார்த்து நாமும் போடாமல், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் டிசைன் வாங்குங்கள். சொந்த யோசனையில் கம்பியைக் குறைக்கவும் வேண்டாம், அது உயிரோடு விளையாடுவது.

சுவருக்கு வருவோம். செங்கல் நம் பாரம்பரியம், அதனால் சூழலுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். சூளையில் எரிபொருள் எரித்துத்தான் அது வேகிறது. வயலின் மேல்மண்ணும் அதோடு போகிறது. அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் சாம்பல் கல்லைச் சுட வேண்டியதில்லை. செங்கல்லே வேண்டும் என்றால் எலிப்பொறிக் கட்டு இருக்கிறது: கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் நிறைய வீடுகளை இப்படிக் கட்டினார். கால்வாசி செங்கல் மிச்சம், உள்ளே சூடும் குறைவு. பழக்கமில்லாத கொத்தனாரிடம் கொடுத்தால் வெற்றிடத்தில் கலவையை நிரப்பிவிடுவார், ஆகவே முதல் இரண்டு வரியைக் கூடவே நின்று பாருங்கள்.

மண் கல்லிலும் ஒரு தவறு நடக்கிறது. ஆரோவில்லில் மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, அழுத்தி, சுடாமலே கல் செய்கிறார்கள். அங்குள்ள பார்வையாளர் மையமே அப்படிக் கட்டியதுதான். இதைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, மண்ணைச் சோதிக்காமல், தைரியத்துக்காகச் சிமென்டை இரண்டு மடங்காக்கினால் மண் கல்லின் பலனே போய்விடும். களி அதிகமான கரிசல் மண்ணுக்குச் சிமென்டைக் கூட்டுவது தீர்வல்ல, மணல் சேர்க்க வேண்டும் அல்லது வேறு மண் பார்க்க வேண்டும்.

தரைக்கு, செட்டிநாட்டில் கையால் செய்யும், சூளையில் சுடாத ஆத்தங்குடிக் கல் நல்ல தேர்வு. அலுமினிய ஜன்னலைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். அலுமினியம் உருக்க ஏகப்பட்ட மின்சாரம் தேவை, நம் நாட்டில் அது பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது.

பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். சுண்ணாம்புக் கலவையில் எழுப்பிய சுவர் என்றால் செங்கல் பெரும்பாலும் முழுசாகவே கழன்று வரும். சிமென்ட் கலவையில் கட்டியது உடைந்துதான் வரும். நிலை, கதவு, உத்தரம் எல்லாம் தேக்காக இருந்தால் இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். இடிக்க ஆள் பேசும்போதே, கல்லைச் சுத்தம் செய்து அடுக்கவும் சேர்த்துக் கூலி பேசிவிடுங்கள். ஜேசிபி வாசலில் வந்து நின்ற பிறகு சொல்லிப் பயனில்லை.