ஜூனியர் காலேஜ் கூடைப்பந்து அணியில் இடம் பிடிப்பது எப்படி?

என் மகள் டெக்சஸில் ஒரு ஜூனியர் காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தை நடத்திச் செல்பவராக, ஆடுகிறாள். பள்ளி முடிக்கும்போது நான்காண்டுக் கல்லூரி எதுவும் அவளைக் கூப்பிடவில்லை. அமெரிக்காவில் அதே நிலையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்தான் இந்தப் பதிவு. பள்ளி அணியில் முறையாக ஆடும் பிள்ளை என்று வைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன்.

ஜூக்கோ (ஜூனியர் காலேஜின் செல்லப் பெயர்) என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரபல கூடைப்பந்து வீராங்கனை ஷெரில் ஸ்வூப்ஸ், டெக்சஸின் லெவல்லாண்டில் உள்ள சவுத் பிளெய்ன்ஸ் கல்லூரியில் ஆடிவிட்டுத்தான் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம் போனார். அங்கே 1993 தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில் 47 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வென்று கொடுத்தார். என்பிஏ வீரர் ஜிம்மி பட்லர் தொடங்கியது டைலர் ஜூனியர் காலேஜில்.

படி 1: பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான ஜூக்கோக்கள் என்ஜேசிஏஏ என்ற ஜூனியர் காலேஜ் விளையாட்டு அமைப்பின் கீழ் வருகின்றன. டிவிஷன் 1 கல்லூரிகள் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றுக்கும் உதவித்தொகை தரலாம். டிவிஷன் 2-இல் கல்விக் கட்டணமும் புத்தகமும் வரைதான். தங்குமிடமும் சாப்பாடும் சேராது. டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே இல்லை. டாலஸ் காலேஜ் வளாகங்களின் அணிகள் டிவிஷன் 3-தான். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டிலிருந்து போய்வரும் தூரம், உள்ளூர்க் கட்டணம், ஃபாஃப்சா (அரசுக் கல்வி உதவி விண்ணப்பம்) நிரப்பித் தகுதி இருந்தால் கிடைக்கும் பெல் கிரான்ட் (திருப்பித் தர வேண்டாத அரசு உதவி) எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், சில குடும்பங்களுக்கு இதுவே கட்டுப்படியாகும்.

படி 2: அணிப் பட்டியலைப் படியுங்கள்

எங்களுக்கு வண்டி நின்றுபோனது இங்கேதான். கோச்களுக்கு மெயில் போகும், பதில் வராது. மகளுடைய கிளப் கோச் ஒருநாள் லேப்டாப்பைத் திறந்து, ஒரு கல்லூரியின் அணிப் பட்டியலைக் காட்டி விளக்கிய பிறகுதான் வழி பிறந்தது.

ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலும் இந்தப் பட்டியல் இருக்கும்: பெயர், உயரம், ஆடும் இடம், எந்த ஆண்டு, எந்த ஊர், முன்பு படித்த பள்ளி. முதலில் ஆண்டைப் பாருங்கள். இது இரண்டாண்டுக் கல்லூரி. சாஃபமோர் (இரண்டாம் ஆண்டு) என்று போட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் மே மாதத்தோடு கிளம்பிவிடுவார்கள். கார்டு இடத்தில் ஆடும் ஐந்து பேரில் நான்கு பேர் சாஃபமோர் என்றால் அந்தக் கோச்சுக்கு அடுத்த வருடத்துக்குக் கார்டு கட்டாயம் தேவை. அந்த நான்கு பேரும் ஃப்ரெஷ்மேன் (முதலாண்டு) என்றால், உங்கள் பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடினாலும் இடம் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் "முன்பு படித்த பள்ளி" என்ற கட்டம். அதில் எல்லாமே கல்லூரிகளின் பெயர்களாக இருந்தால், அந்தக் கோச் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வருகிறவர்களைத்தான் தேடுகிறார். பள்ளிகளின் பெயர் நிறைய இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூக்கோ கோச் தேடுவது நல்ல ஆட்டக்காரரை மட்டுமல்ல, காலியாகப் போகிற அந்த ஒரு இடத்துக்கு ஆளை.

அதனால் ஆள் தேடும் காலமும் வேறு. தேசியப் போட்டிகள் மார்ச்சில் முடியும். ஏப்ரலிலிருந்து கோச்கள் மும்முரமாக ஆள் தேடுவார்கள். கோடை முழுக்க இடங்கள் திறந்துகொண்டே இருக்கும். பள்ளிப் பட்டமளிப்பு முடிந்துவிட்டதே என்று கைவிட வேண்டாம்.

படி 3: வீடியோ

மூன்று, நான்கு நிமிடத் தொகுப்பு ஒன்று, வெட்டாத முழு ஆட்டம் ஒன்று. பள்ளி ஆட்டங்கள் ஹடல் என்ற விளையாட்டு வீடியோ தளத்தில் இருக்கும். அங்கிருந்து இறக்கி யூடியூபில் போடுவதுதான் என் விருப்பம். எந்த ஃபோனிலும் லாகின் கேட்காமல் திறக்கும். பாட்டு வேண்டாம். முதல் காட்சியிலேயே பிள்ளை எந்த எண் ஜெர்சி என்று தெரிய வேண்டும். தடுப்பாட்டத்தையும் சேருங்கள். பணம் வாங்கிக்கொண்டு கோச்களுக்கு அனுப்பித் தரும் சேவைகள் தேவையே இல்லை.

படி 4: மெயில்

எழுத வேண்டியது பிள்ளை, அப்பா அம்மா அல்ல. தலைமைக் கோச்சோடு உதவிக் கோச்சுக்கும் அனுப்புங்கள். பல இடங்களில் ஆள் தேடும் வேலை அவர் கையில்தான். தலைப்பிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், உயரம், ஜிபிஏ (சராசரி மதிப்பெண்). உள்ளே, "உங்கள் கார்டுகளில் நான்கு பேர் இந்த ஆண்டு முடிக்கிறார்கள் என்று பார்த்தேன்" என்று தொடங்கினாலே போதும், இந்தப் பிள்ளை நம் அணியைக் கவனித்திருக்கிறது என்று அவருக்குப் புரியும். வீடியோ இணைப்பு, பள்ளிக் கோச்சின் ஃபோன் எண், அவ்வளவுதான்.

படி 5: கையெழுத்து

ஃபோனில் "உனக்கு இடம் உண்டு" என்றால் சந்தோஷப்படுங்கள், ஆனால் எழுத்தில் வாங்குங்கள். என்ஜேசிஏஏ லெட்டர் ஆஃப் இன்டென்ட் (அணியில் சேரச் சம்மதிக்கும் ஒப்பந்தம்) ஒரு கல்வியாண்டுக்குத்தான். எந்தெந்தச் செலவு சேரும் என்று உதவித்தொகைத் தாளில் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

சேர்ந்ததும் முதல் வாரமே ஆலோசகரிடம், எந்தப் பாடங்கள் நான்காண்டுக் கல்லூரிக்கு மாற்றலாகும் என்று கேட்டுவிடுங்கள். நான்காண்டுக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-வின் டிவிஷன் 1-க்கு மாற, மாற்றலாகும் பாடங்களில் 2.5 ஜிபிஏ வேண்டும். உடற்கல்வி வகுப்புகளில் இரண்டு கிரெடிட்டுக்கு (பாட அளவு) மேல் கணக்கில் வராது.

பிற்சேர்க்கை: கலிஃபோர்னியாவில் எப்படி என்று அங்கிருந்து சிலர் கேட்டிருந்தீர்கள். அங்குள்ள கம்யூனிட்டி காலேஜ்கள் சிசிசிஏஏ என்ற தனி அமைப்பில் ஆடுகின்றன. அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது, ஆனால் படி 2 அப்படியே பொருந்தும். இந்தியாவிலிருந்து வர நினைக்கும் பிள்ளைகளுக்கு: கோச் சம்மதித்தால் மட்டும் போதாது. கல்லூரி ஐ-20 (விசாவுக்கான சேர்க்கைச் சான்று) தர வேண்டும், எஃப்-1 மாணவர் விசா வேண்டும், ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். ஐ-20 வாங்க, உதவித்தொகை போக மீதிச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அதனால் இந்த வழியில் வருகிறவர்கள் ஏப்ரல்வரை காத்திருக்காமல் முந்தைய இலையுதிர் காலத்திலேயே மெயில் அனுப்பத் தொடங்குங்கள்.