புதைத்த மீன்தலையும் தோண்டிய பன்றியும்: முகாமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற தை மாதம் ஆந்திராவிலுள்ள நாகலாபுரம் மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில், உரிமையாளரிடம் அனுமதி பெற்று ஓர் இரவு தங்கியிருந்தோம். எங்களுக்குச் சற்றுத் தள்ளி வியாசர்பாடியிலிருந்து வந்த ஐந்து இளைஞர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். மீன் வறுத்துச் சாப்பிட்டு முடித்ததும், அவர்களில் ஒருவர் கூடாரத்துக்குப் பின்னால் குழி வெட்டி முள்ளையும் தலையையும் அதில் கொட்டி மூடத் தொடங்கினார். நான் ஓடிச் சென்று தடுத்தேன். "மக்குற குப்பைதானே அண்ணா" என்று அவர் மிகுந்த பணிவோடு சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் அதே மலையின் அடிவாரத்தில் நான் சொன்ன பதிலும் ஏறத்தாழ இதுவேதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் மலை வந்துவிடுகிறது. அதனால் வடசென்னையிலிருந்து வார இறுதியில் கிளம்புகிறவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடுகிறது. குரங்குக்குத் தீனி போடக்கூடாது, தட்டுகளைக் கழுவாமல் விட்டுத் தூங்கக்கூடாது, காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் இரவு தங்கக்கூடாது என்பவற்றை அவர்கள் அறிவார்கள். அவற்றை நான் மீண்டும் எழுதப்போவதில்லை. நன்றாகத் திட்டமிட்டு, நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களும் செய்கிற தவறுகளைப் பற்றியே இங்கே சொல்கிறேன்.

மிச்சத்தை மண்ணில் புதைத்தல்

2011 பொங்கல் விடுமுறையில் பதினொரு பேர் சென்றிருந்தோம். விடியற்காலையில் காசிமேட்டில் நான்கு கிலோ சங்கரா வாங்கி, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். அங்கேயே வெட்டச் சொல்லியிருக்கலாம். மீன் வெட்டிக் கொடுக்கும் அம்மாக்கள் சில நிமிடங்களில் செதிலும் குடலும் நீக்கித் தந்துவிடுவார்கள். வெட்டிய மீன் மாலைக்குள் ருசி குறைந்துவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். தோப்பில் வைத்து நானே வெட்டினேன். தலை, குடல், செதில், மீன் கழுவிய தண்ணீர் ஆகிய அனைத்தையும் கூடாரங்களிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி ஒரு முழம் ஆழமுள்ள குழியில் கொட்டி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கி, மேலே ஒரு பாறாங்கல்லையும் உருட்டி வைத்தேன். தோப்புக் காவல்காரர் வந்து பார்த்துவிட்டு, "பன்னி தோண்டிடும் சார்" என்றார். மக்குகிற குப்பைதானே, மேலே கல்லும் இருக்கிறதே என்று காட்டினேன். அவர் மறுமொழி எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

காட்டுப்பன்றிக்குக் கண்பார்வை மந்தம். ஆனால் மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கையும் வேரையும் புழுவையும் மோப்பத்தாலேயே கண்டுபிடித்து, மூக்கால் மண்ணைப் புரட்டித் தின்று வாழ்கிற விலங்கு அது. மண்ணைத் தோண்டுவதே அதன் பிழைப்பு என்னும்போது, புதிதாகக் கிளறிய மண்ணில் மீன் குடலைப் புதைப்பது இலை போட்டு அழைப்பதற்குச் சமம். மேலும், மண்ணைக் கிளறியதால் அது இளகிவிடுகிறது. பக்கத்திலுள்ள இறுகிய தரையைவிட நாம் மூடிய குழியைத் தோண்டுவதுதான் எளிது. பன்றி வராத இடத்தில் நரி வரும், கீரி வரும், பெருச்சாளி வரும், ஊர் நாயும் வரும். இவை எல்லாமே தோண்டத் தெரிந்தவை.

இரவு இரண்டு மணியளவில் அந்தக் கல் உருளும் ஓசை கேட்டு விழித்தேன். ஒரு தாய்ப்பன்றியும் இன்னும் இரண்டு பெரிய பன்றிகளும் குட்டிகளோடு வந்திருந்தன. நான் குரல் கொடுப்பதற்குள், பக்கத்துக் கூடாரத்திலிருந்து என் அக்காள் மகன், அப்போது அவனுக்குப் பதினாறு வயது, டார்ச் விளக்கோடு வெறுங்காலில் வெளியே வந்துவிட்டான். குட்டிகளுக்கும் தாய்க்கும் நடுவில் அவன் நின்றான். தாய் அவனை நோக்கிப் பாய்ந்து, ஓரிரு அடி முன்னால் திரும்பிவிட்டது. அவன் ஓடியபோது கூடாரக் கயிற்றில் கால் தடுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பன்றி தலையை உயர்த்திக் குத்தினால், வளர்ந்த மனிதனுக்குத் தொடையில் கிழியும். தொடையில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. அந்த ஓரிரு அடியை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. விடியும் வரை அவன் கையை இரண்டு கரண்டிக் காம்புகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் இன்றும் ஆறாமல் இருப்பதற்கு அது மட்டுமே காரணம் அன்று. பத்து நாள் கழித்துக் காவல்காரர் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் கிளம்பிய பிறகும் அந்தக் கூட்டம் இரவுதோறும் தோப்புக்கு வந்து, குழி இருந்த இடத்தைச் சுற்றித் தோண்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காததால் வேலி தாண்டிப் பக்கத்து நிலத்தில் இறங்கிவிட்டது என்றார். அங்கே வேர்க்கடலை போட்டிருந்தார்கள். பன்றி ஒரு பாத்தியில் இறங்கினால் தின்பதைவிடப் புரட்டிப் போடுவது அதிகம். மலையடிவாரத்தில் பன்றிகள் எப்போதும் உண்டு, அவை வேர்க்கடலைக்கு எப்படியும் வந்திருக்கும் என்று ஆறுதல் சொன்னவர்கள் இருந்தார்கள். நான் அதை ஏற்கவில்லை. பலன் கிடைத்த இடத்தை விலங்கு மறப்பதில்லை. கொடுங்கையூர்க் குப்பைமேட்டை நாடி மாடும் நாயும் பருந்தும் நாள் தவறாமல் வருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உரிமையாளர் அதன்பின் வெளியாள் எவருக்கும் தோப்பைத் திறக்கவில்லை. தங்குகிறவர்களுக்குத் தண்ணீர் இறைத்தும் விறகு கொடுத்தும் காவல்காரர் சம்பாதித்த சிறு வருமானமும் நின்றுபோயிற்று.

இத்தவறு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று யோசித்திருக்கிறேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் போட வீட்டில் பழகிவிட்டோம். மக்குவதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது நற்செயல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நகரத்து மொட்டை மாடித் தொட்டிக்கு அது சரியே. ஆனால் மீன் தலை மக்குவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதன் மணம் பரவுவதற்கு ஓர் இரவுகூட வேண்டியதில்லை. பழத்தோல், முட்டை ஓடு, எலும்பு, மீந்த பிரியாணி ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். எரித்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: விறகு நெருப்பில் ஈரமான குடல் முழுமையாக எரிவதில்லை, பாதி கருகிய கொழுப்பின் மணம் பச்சை மீனைவிடத் தூரம் போகும்.

நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான். மீனையும் இறைச்சியையும் கடையிலேயே சுத்தம் செய்து, வீட்டில் மசாலா தடவி, இறுக மூடும் பெட்டியில் எடுத்துச் செல்கிறேன். மிச்சம் எதுவாயினும் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, மூடியை இறுக்கிப் பூட்டும் டிரம் ஒன்றுக்குள் போட்டு ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன். பாத்திரம் கழுவும் தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பருக்கைகளை அதே பையில் சேர்த்துவிட்டு, தண்ணீரைக் கூடாரத்திலிருந்து குறைந்தது அறுபது தப்படி தள்ளிப் பரவலாக வீசிவிடுகிறேன். சமையலையும் அதே தொலைவில் வைத்துக்கொள்கிறேன். வட அமெரிக்கக் கரடிக் காடுகளில் சமைக்கும் இடத்துக்கும் தூங்கும் இடத்துக்கும் இடையில் 100 கஜம், அதாவது 90 மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக இடைவெளி விடச் சொல்கிறார்கள். நம் தோப்புகளில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது என்பதால் நான் அறுபது தப்படியோடு நின்றுகொள்கிறேன்.

உணவுப் பையை மரத்தில் தொங்கவிடுதல்

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் இதைச் செய்கிறார்கள். அங்கே இரவில் முகாமுக்கு வரும் ரக்கூன் என்னும் விலங்கு, உணர்ச்சி மிக்க முன்னங்கால் விரல்களால் தாழ்ப்பாளைக்கூடத் திறந்துவிடும். அதனிடமிருந்து காக்க அந்நாட்டிலேயே அனுபவசாலிகள் கயிற்றைவிடக் கெட்டியான பெட்டியை நம்புகிறார்கள். நம்மிடம் ரக்கூன் இல்லை. பகலில் அதன் வேலையை நாட்டுக்குரங்கும் இரவில் மரநாயும் செய்கின்றன, இரண்டுமே மரமேறிகள். நாம் மரத்தில் கட்டிய பை, குரங்கின் வீட்டு வாசலில் வைத்த பை. கிளையில் உட்கார்ந்துகொண்டு கயிற்றைக் கையால் மேலே இழுத்து, ஜிப்பை நிதானமாகத் திறந்த குரங்கை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வடசென்னையில் தண்ணீர் லாரிக்காக வீட்டு வாசல்தோறும் நிற்கிறதே நீல டிரம், அதன் சிறிய வகை, இரும்பு வளையம் போட்டு மூடியை இறுக்கும் முப்பது லிட்டர் டிரம், இவ்வேலைக்கு மிகப் பொருத்தமானது. பல்லுக்கும் நகத்துக்கும் பிடி கொடுக்காது, மணத்தையும் பெருமளவு அடக்கும். பழைய டிரம் வாங்கினால் முன்பு உணவுப்பொருள் இருந்ததுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தொழிற்சாலை இரசாயனம் வைத்திருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் அரிசி வைக்கக்கூடாது. இரவில் டிரம்மைச் சமையல் இடத்திலேயே விட்டுவிடுங்கள், கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். சோப்பு, பற்பசை, தேங்காயெண்ணெய் ஆகியவற்றுக்கும் டிரம்மே இடம். வீட்டில் எலி சோப்பைக் கொறிப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

குரங்கை முறைத்துப் பார்த்தல்

கண்ணுக்குக் கண் பார்ப்பதும், பல் தெரியச் சிரிப்பதும் நாட்டுக்குரங்குக்கு மிரட்டலாகப் படும். பொருளை அது பிடித்துவிட்டால் இழுத்துச் சண்டையிடாமல் விட்டுவிடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, சிறு கீறல்தானே என்று எண்ணாமல் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டாசு வெடித்தல்

கூடவே கூடாது.

நெருப்பு காவல் காக்கும் என்று நம்புதல்

காக்காது. எரிந்து தணியும் நெருப்பைச் சுற்றிச் சிந்திய உணவைத் தேடிப் பன்றி வரும். காய்ந்த புல்லில் விழும் ஒரு பொறி எந்த விலங்கையும்விடக் கொடியது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கலாகாது.

வீட்டு நாயை உடன் அழைத்துச் செல்லுதல்

சிறுத்தைக்கு நாய் இரை.

அரிசியைச் சிந்திவிட்டுப் பாம்புக்குப் பூண்டு தூவுதல்

பூண்டும் பெருங்காயமும் பாம்பைத் தடுப்பதில்லை. பாம்புக்கு நம் சோற்றின்மீது நாட்டமில்லை. சிந்திய அரிசிக்கு எலி வருகிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. இவ்வரிசையின் முதல் கண்ணியை அறுப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரின் போர்வைக்குள் புகுந்து, அவர் புரளும்போது கடிக்கும். பல்லின் தடமும் வலியும் மிகச் சிறிதாக இருப்பதால், கடிபட்டவர் எறும்பு கடித்ததென்று எண்ணித் தூங்கிவிடுவதுண்டு. நடு இரவிலோ விடியலிலோ காரணமில்லாமல் வயிற்றுவலி, கண்ணிமை தொங்கல், பேச்சுக் குழறல் ஆகியவை தெரிந்தால், கடித்த தடத்தைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கூடாரத்தின் ஜிப்பை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் முழுவதுமாக மூடுங்கள். ஒரு விரல் இடைவெளி விடுகிற பழக்கத்தைப் புதியவர்கள் அனைவரிடமும் பார்க்கிறேன்.

விலங்கு வந்ததும் வெளியே ஓடுதல்

என் அக்காள் மகன் செய்தது இதுவே. அவனுக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்காதது என் பிழை. ஓசை கேட்டால் எல்லோரும் கூடாரத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, உரக்கப் பேச வேண்டும், கை தட்ட வேண்டும்; பெரும்பாலான விலங்குகள் மனிதக் குரலைக் கேட்டு விலகிவிடும். கரடியோ பன்றியோ பெரும்பாலும் எதிர்பாராமல் கிட்டத்தில் மனிதனைக் கண்டால்தான் தாக்குகிறது என்பதால், நாம் இருக்கும் இடத்தை அதற்குத் தெரியப்படுத்துவதும், அது திரும்பிச் செல்லும் வழியை மறிக்காமல் இருப்பதுமே முக்கியம். வெளியில் இருக்கும்போது எதிர்ப்பட்டால், முதுகைக் காட்டி ஓடாமல், முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெல்லப் பின்வாங்க வேண்டும். ஓசை அடங்கிய பிறகும் கால் மணி நேரம் பொறுத்திருங்கள். அதன்பின் இருவராக, விளக்கோடு, காலணி அணிந்து வெளியே வாருங்கள். அந்தக் காலணியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே தேள் இல்லை என்று பார்த்த பிறகே காலை நுழையுங்கள்.