கரைவதற்கென்றே ஒரு பெயிண்ட்: பாய்ப்படகின் அடிப்பூச்சில் நடக்கும் தவறுகள்

சென்ற மாசியில் தூத்துக்குடியில் என் மைத்துனரின் பாய்ப்படகைக் கரையேற்றினோம். கொச்சியில் பழையதாக வாங்கி, ஃபைபர் அடிப்பாகத்துக்கு, கடல் உயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் செம்பு கலந்த பெயிண்டைப் புதிதாக அடித்து இறக்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவின் இரு பக்கமும், ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கடல் உயிரான கொட்டலசு கொத்துக்கொத்தாக அப்பியிருந்தது. "மச்சான், ஒன்றரை ஆண்டு தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிறான். ஏமாற்றிவிட்டான்" என்றார். மிச்சம் வைத்திருந்த டப்பாவைத் திறந்து குச்சியை விட்டேன். மேலே தண்ணீராக இறங்கியது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் செங்களிமண் போல உறைந்து கிடந்தது. அதுதான் செம்பு. டப்பாவைக் கலக்காமலே பூசியிருக்கிறார்கள். படகில் ஏறியது பெரும்பாலும் பிசின்தான்.

வளைகுடாவில் படகுப் பட்டறையில் வேலை பார்த்த ஆண்டுகளில் இந்தக் களிமண்ணை எத்தனையோ டப்பாக்களில் பார்த்திருக்கிறேன். செப்பு ஆக்சைடு கனமானது, வைத்த இடத்தில் அடங்கிவிடும். பூசத் தொடங்கும் முன் மட்டுமல்ல, நடுநடுவேயும் அடியிலிருந்து கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தத் தவறுகளுக்குப் பின்னால் ஒரே எண்ணம்தான் நிற்கிறது: வீட்டுச் சுவர் பெயிண்டைப் போலவே இதையும் நினைப்பது. சுவரில் உதிராமல் நிற்பது நல்ல பெயிண்ட். படகின் அடியிலோ கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பைத் தண்ணீரில் விட்டுக்கொடுப்பதுதான் நல்ல பெயிண்ட். கொட்டலசின் குஞ்சு, இடம் பிடித்தபின் தலைப்பக்கத்தை ஒட்டவைத்துக்கொண்டு ஆயுசுக்கும் நகராது. ஒட்டுவதற்கு இடம் தேடித் தடவிப் பார்க்கும் நேரத்தில்தான் செம்பு அதை விரட்டுகிறது. ஓடு கட்டி வளர்ந்ததன் மேல் பெயிண்டை அடித்தால் ஓட்டுக்கு வர்ணம் பூசியதாக முடியும். தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது புன்னைக்காயல் கழிமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் நன்னீரில் செத்துவிடும் என்பார்கள். சாகலாம், ஓடு விடாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது தேர்வில் நடக்கும் தவறு. கெட்டியாகக் காயும் வகை ஒன்று, தேய்ந்து கரையும் வகை இன்னொன்று. கெட்டி வகை உரசலுக்குத் தாங்கும் என்பதால் நம்மவர்களுக்கு அதன்மேல் மோகம். ஆனால் செம்பு வெளியேறிய பிறகும் வெறும் கூடு ஒட்டிக்கொண்டே இருக்கும். பார்வைக்குப் புதுசு, வேலைக்கு ஆகாது. படகை மாதக்கணக்கில் கரையில் காயப்போட்டால் மேல்பரப்பு வீரியம் இழந்துவிடும். திரும்ப இறக்கும் முன் தேய்த்துப் புதுப்பிக்க வேண்டும். கரையும் வகை மேல்தோலை உரித்துக்கொண்டே புதுச் செம்பைக் காட்டும். ஆனால் அதற்கு ஓட்டம் வேண்டும். ஐந்தாறு நாட் (மணிக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்) வேகத்தில் போகும் பாய்ப்படகு பெரும்பாலும் கட்டியேதான் கிடக்கிறது. அப்படிக் கிடந்தால் வழுவழுப்புப் பாசி படிந்து, கரைவதும் மட்டுப்படும். அப்படியும் பாய்ப்படகுக்கு நான் கரையும் வகையைத்தான் சொல்வேன், வாரத்தில் இரண்டு நாளாவது பாய் விரிப்பவருக்கு. டப்பாவில் போட்டிருக்கும் மாதக் கணக்கையும் அப்படியே நம்பக் கூடாது. நம் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. செம்பும் வேகமாகக் கரையும், கொட்டலசும் வேகமாகப் பிடிக்கும்.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை மணலில் தினமும் இழுத்து ஏற்றும் வள்ளங்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. வெயிலும் மணலும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

தின்னரை ஊற்றி ஒரு டப்பாவை ஒன்றரை டப்பாவாக்குவது சிக்கனம் இல்லை. கனம் குறைந்தால் ஆயுளும் குறையும். அணியத்தின் (படகு முகப்பின்) முன்விளிம்பு, நீர்மட்டக் கோடு, சுக்கானின் விளிம்பு ஆகிய இடங்களில் முதலில் தேயும். அங்கே மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். புது ஃபைபராக இருந்தால் அச்சிலிருந்து ஒட்டிவந்த மெழுகைத் துடைத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிக்காமல் தொடவே கூடாது. மெழுகின் மேல் அடித்தது பட்டை பட்டையாக உரியும்.

உலோகத்தில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத்தகடு அடித்துப் பார்த்தது. தகடு நன்றாக இருந்தது. அதைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள்தாம் அரித்துப்போயின. அதே மின்வேதி விளையாட்டுதான் படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் அலுமினியக் காலில் செப்பு ஆக்சைடு பெயிண்டை அடித்தால் நடக்கும். பட்டறையில் ஒருவர் அழகுக்காகத் துத்தநாகக் கட்டியின் மேலும் பெயிண்டை இழுத்துவிட்டிருந்தார். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக வைத்தது அது. மூடிவிட்டால் வேலை செய்யாது.

பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்கக் கூடாது. நச்சுத்தூள் நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம். எங்கோ கிடந்த பழைய கப்பல் பெயிண்ட் என்று யாராவது மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள். டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீய நச்சு கலந்த பெயிண்டுகள் சிப்பிகளையும் நத்தைகளையும் உருக்குலைத்ததால்தான் 2001இல் உலக உடன்படிக்கை எழுதி, 2008 முதல் தடை நடப்புக்கு வந்தது.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளும் கரையேறிப் பெயிண்ட் அடிக்கும் என்பதால் அதற்கு முன்பே மைத்துனர் படகை முடித்து இறக்கினோம். இந்த முறை அடியில் சிவப்பு, அதன்மேல் இரண்டு பூச்சு கறுப்பு. கறுப்பு தேய்ந்து சிவப்பு எட்டிப் பார்க்கும் இடம்தான் மறுபடி பூச வேண்டிய இடம். நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். சுக்கானின் முன்விளிம்பில் விரலளவு சிவப்பு தெரிகிறது.