செங்கல் கணப்புக்குப் புது நிறம்: செலவு 1,900 ரூபாய்

எங்கள் குன்னூர் வீட்டுக் கூடத்தில் விறகு எரித்துக் குளிர்காயும் கணப்புக்கு அப்பா 1982-இல் சிவப்பு எனாமல் பூசி, செங்கல் இடுக்குகளில் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார். நாற்பது ஆண்டுப் புகையில் சிவப்பு கறுத்தது, கோடு பழுப்பேறியது. இடித்துவிட்டுக் கல் பதிக்க மேஸ்திரி கேட்ட தொகை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. 1,900 ரூபாயில் நானே பெயின்ட் அடித்து முடித்தேன்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையின்போது எங்கள் ஊர்ச் சுவர் காயவே காயாது. புகைபோக்கியை முதலில் சுத்தம் செய்துவிடுங்கள். பிறகு செய்தால் புதுப் பெயின்டின் மேல் கரி கொட்டும்.

வேலையில் முக்கால் பங்கு கரியை எடுப்பதுதான். ஈரத்துணியால் தொடங்காதீர்கள், கரி குழம்பாகிச் செங்கல் துளைக்குள் இறங்கிவிடும். காய்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டி எடுத்த பிறகே சலவைச் சோடா கரைத்த வெந்நீர். கையுறை அவசியம். இரண்டு முறை நல்ல தண்ணீரால் துடைத்து, மூன்று நாள் காயவிட்டேன்.

அடுத்ததை மிக வற்புறுத்திச் சொல்கிறேன். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தாங்கும் உப்புத்தாளை நனைத்து, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். என்95 முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அடிப்பூச்சான பிரைமரை மிச்சம் பிடிக்கக் கூடாது. முதல் முறை நான் எமல்ஷன் என்ற தண்ணீர்ப் பெயின்டை நேரடியாகப் பூசினேன். மூன்றே வாரத்தில் கணப்பு வாய்க்கு மேலே மஞ்சள் திட்டுகள் கிளம்பின. கரியின் பிசுக்கு தண்ணீர்ப் பெயின்டில் ஊறி மேலே வந்துவிடுகிறது. ஆயில் பிரைமர் ஒரு கை பூசி, ஒரு நாள் விட்டு எமல்ஷன் இரண்டு கை பூசியதும் அந்தத் திட்டு வரவில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பே இல்லாமல் பூசுங்கள். இடுக்குகளை முதலில் சிறு தூரிகையால் நிரப்பி, பிறகு ரோலர் ஓட்டுங்கள். ரோலர் மட்டும் இடுக்குக்குள் இறங்காது.

நிறம்? வெள்ளை அழகுதான், ஆனால் ஒரே குளிர்காலத்தில் புகைத்தடம் தெரியும். நான் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் எடுத்தேன். ஒரு லிட்டரில் மிச்சமே இருந்தது.

தீ எரியும் உட்புறத்தைத் தொடவே வேண்டாம். எமல்ஷன் அந்தச் சூட்டில் கருகி நாறும். உள்ளே செங்கல்லைத் துலக்கினாலே போதும். இரும்புத் தட்டிக்கு மட்டும் வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அது முதல் சூட்டில் சற்றுப் புகையும். அதனால் பத்து நாள் கழித்து, ஜன்னலைத் திறந்துவைத்து, இரண்டே விறகில் முதல் தீ மூட்டினேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.